தெளிந்து துணிந்தவர்: யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் பெருமான்

மலாக்கா மாநிலத்தில் வாழும் நமக்கு இம்மண்ணின் வரலாறு பள்ளிப் பருவத்திலேயே மனப்பாடம். 1511-இல் போர்த்துக்கீசியர் வந்தனர். 1641-இல் ஒல்லாந்தர் வந்தனர். 1795-இல் ஆங்கிலேயர் வந்தனர். கடலுக்கு அப்பால், இலங்கையின் வடமுனையில் உள்ள யாழ்ப்பாணமும் இதே மூவரிடம், இதே வரிசையில் கைமாறியது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டோம். அங்கு ஆண்டுகள் மட்டுமே சற்று வேறு: 1619, 1658, பின்னர் அதே 1795.

மலாக்காவில் ஒல்லாந்தர் காலத்திலேயே, 1781-இல், செட்டி சமூகத்தாரின் ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம் எழுந்தது. யாழ்ப்பாணத்துச் சைவர்களுக்கு அத்தகைய நற்பேறு எளிதில் வாய்க்கவில்லை. போர்த்துக்கீசியர் அங்கே கோயில்களை இடித்துத் தரைமட்டமாக்கினர். விரத நாளில் உண்ட வாழையிலையை வெளியே எறிந்தால் அகப்பட்டுக் கொள்வோம் என அஞ்சிக் கூரை இறப்பில் செருகி மறைத்து வைத்த கதையை அந்நாட்டு முதியோர் வழிவழியாகச் சொல்லி வந்தனர். ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வடக்குமுறை நீங்கியது. எனினும் கல்வி முழுவதும் கிறித்துவ மிஷன் பள்ளிகளின் கையில் இருந்தது. படிப்பும் உத்தியோகமும் வேண்டுமாயின் அப்பள்ளிகளின் வாயிலைத்தான் மிதிக்க வேண்டும். அவ்வாறு மிதித்த பிள்ளைகளுள் பலர் தம் சமயத்தைத் துறந்தனர். துறக்காதோருக்கும் அதனைப் பற்றி எடுத்துரைக்கும் அறிவு இல்லாது போயிற்று.

இத்தகைய காலத்தில் தோன்றிய ஒருவர், கற்க வேண்டியதை எவரிடம் கற்பது, எதனை ஏற்பது, எதனை விடுப்பது, எப்பொழுது இருந்த இடத்தை விட்டு எழுவது என்னும் நான்கையும் தம் வாழ்வில் எவ்வாறு தீர்மானித்தார் என்பதை இத்திருவிழா மலரின் வாயிலாக இறையன்பர்களுடன் பகிர்ந்துகொள்வதில் மகிழ்ச்சி அடைகிறோம். எஸ்.பி.எம். முடிவுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மகனை எத்துறைக்கு அனுப்புவது என்று இரவெல்லாம் கண்விழிக்கும் பெற்றோர் நம் ஊரில் ஆண்டுதோறும் உண்டு. அவர்கள் இவ்வரலாற்றைப் படித்தல் நலம்.

பிறப்பும் இளமைக் கல்வியும்

1822-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள் யாழ்ப்பாணத்து நல்லூரில் கந்தர் என்பாருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் ஆறாவது ஆண்மகவாகப் பிறந்தவர் ஆறுமுகம். போர்த்துக்கீசிய அதிகாரியின் உணவுக்குப் பசுவைக் கொடுக்க மனமின்றி இரவோடிரவாக நாட்டை விட்டு நீங்கி, தில்லையில் தங்கித் துறவு பூண்ட ஞானப்பிரகாச முனிவர் இவர்தம் மரபினர் என்று கூறுவர். சிதம்பரத்தில் உள்ள ஞானப்பிரகாசர் குளம் அம்முனிவர் பெயரால் வழங்குவதேயாகும்.

தந்தையார் தமிழ்ப் புலமை உடையவர். நாடகம் இயற்ற வல்லவர். அவர் ஒரு நாடகத்தைப் பாதி எழுதிய நிலையில் இறைவனடி சேர்ந்தார். அப்பொழுது ஆறுமுகத்துக்கு வயது ஒன்பது. எஞ்சிய பகுதியை அச்சிறுவரே எழுதி முடித்தார் என்பது அவர் வரலாற்றில் முதலாவதாகச் சொல்லப்படும் செய்தி. பின்னர் அக்காலத்துத் தலைசிறந்த ஆசிரியர்களான இருபாலைச் சேனாதிராய முதலியார், சரவணமுத்துப் புலவர் ஆகியோரிடம் இலக்கணமும் இலக்கியமும் ஐயந்திரிபறக் கற்றார்.

இத்துடன் நின்றிருந்தால் அவர் நல்லதொரு புலவராக வாழ்ந்து மறைந்திருப்பார். வீட்டார் அவரை ஆங்கிலம் கற்பதற்காக யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலைக்கு அனுப்பினர். இன்று யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி என வழங்கும் பாடசாலை அதுவே. அதன் தலைவர் பீற்றர் பேர்சிவல் பாதிரியார். மாணவராகப் புகுந்த ஆறுமுகம் 1841-இல், பத்தொன்பது வயது நிரம்பும் முன்பே, அங்கே ஆசிரியராக அமர்த்தப்பட்டார். கீழ்வகுப்பினருக்கு ஆங்கிலமும் மேல்வகுப்பினருக்குத் தமிழும் கற்பித்தார். பாதிரியாருக்கே தமிழ் கற்பிக்கும் ஆசிரியராகவும் விளங்கினார்.

விவிலியத்தைத் தமிழாக்கிய சைவர்

நாவலர் வரலாற்றில் பலரை வியப்பில் ஆழ்த்தும் பகுதி இதுவாகும். பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தை நல்ல தமிழில் மொழிபெயர்க்க விரும்பினார். அப்பணிக்கு அவர் துணையாகக் கொண்டது கிறித்துவர் ஒருவரை அன்று; நெற்றியில் திருநீறு துலங்கத் தினமும் பூசை முடித்து வரும் இச்சைவ இளைஞரையே. பல ஆண்டுகள் இருவரும் ஒன்றாக அமர்ந்து அவ்வேலையைச் செய்தனர். முடிவில் இருவரும் சென்னைக்குச் சென்றனர். அங்கே தமிழ்ப் புலமையில் பெயர் பெற்ற மகாலிங்கையர் அம்மொழிபெயர்ப்பைப் பார்வையிட்டு, அதன் தமிழ் நடையைப் பாராட்டினார் என்பர். அந்நூல் 1850-இல் வெளிவந்தது.

சைவர் ஒருவர் இப்பணியில் ஈடுபட்டது தகுமா என்று வினவுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். நிகழ்ந்தவற்றை நோக்கினால் விடை தானே விளங்கும். அவ்வாண்டுகளில் அவர் ஊதியம் பெறும் ஊழியராக மட்டும் இருக்கவில்லை. மிஷனார் எவ்வாறு பள்ளி நடத்துகின்றனர், பிள்ளைகளை வயதுக்கேற்ப எவ்வாறு வகுப்பு பிரிக்கின்றனர், சிறு வினா விடை நூல்களால் தம் கொள்கையை எவ்வாறு எளிதாக மனத்தில் பதிக்கின்றனர், அச்சுப்பொறி ஒன்றினால் எத்தனை ஆயிரம் பேரை எட்டுகின்றனர், சந்தையிலும் தெருவிலும் நின்று எவ்வாறு சொற்பொழிவாற்றுகின்றனர் என்பனவற்றை உள்ளிருந்தே கண்டார். விவிலியத்தை முதலிலிருந்து இறுதி வரை எழுத்தெண்ணிக் கற்றார். பேர்சிவலும் ஏனையோரைப் போன்ற பாதிரியார் அல்லர். தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி நூலாக வெளியிட்ட அளவுக்குத் தமிழில் ஈடுபாடு உடையவர். தம் துணைவரின் சமயப் பற்றினை அறிந்தே அவரை உடன் வைத்திருந்தார். கருத்தால் எதிர்நிலையில் இருந்த இருவர் இத்தனை ஆண்டுகள் ஒரே மேசையில் மனமொத்துப் பணிபுரிந்தமையை எண்ணும்பொழுது, ஒரு சிறு கூட்டத்திலேயே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போகும் நம் காலத்து வழக்கம் நினைவுக்கு வருகிறது.

சினங்கொண்டு முதலாண்டிலேயே அவர் வெளியேறியிருக்கலாம். அல்லது ஊதியமும் மதிப்பும் போதும் என்று இறுதி வரை அங்கேயே இருந்திருக்கலாம். இவ்விரண்டில் எதனைச் செய்திருந்தாலும் யாழ்ப்பாணத்துச் சைவத்தின் கதை வேறாகியிருக்கும்.

வெளியேறிய வேளை

1847-ஆம் ஆண்டு டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை. வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் நாவலர் தம் முதற் சமயச் சொற்பொழிவை நிகழ்த்தினார். அதற்குப்பின் வெள்ளிதோறும் அச்சொற்பொழிவுகள் தொடர்ந்தன. நண்பர் கார்த்திகேய ஐயரும் அவருடன் மாறி மாறி உரையாற்றினார். புராணப் பாடல்களைப் படித்துப் பொருள் சொல்லும் வழக்கம் கோயில்களில் முன்னரும் இருந்தது. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, எளிய உரைநடையில், படிப்பறியாதோருக்கும் விளங்குமாறு பேசுவது சைவக் கோயிலுக்குப் புதிது. அவர் அதனை மிஷன் மேடையில் கண்டு கோயில் மண்டபத்துக்குக் கொண்டுவந்தார். கடவுள் வழிபாடு, திருநீறு, சிவதீட்சை, கொலை, கள்ளுண்ணல், ஆலயத் தூய்மை என அவர் பேசிய பொருள்கள் பல. கேட்டோருள் பலர் மது மாமிசம் துறந்தனர் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

மறுநாள் முதல் அவர் வேலையை விட்டுவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பகலில் மிஷன் பாடசாலையில் ஆசிரியர். வெள்ளி மாலையில் சிவன் கோயிலில் சமயப் பேச்சாளர். இவ்வாறு ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் சென்றன. மக்கள் வருகின்றனரா, வந்தோர் நிலைக்கின்றனரா, பள்ளி ஒன்று தொடங்கினால் பிள்ளைகளை அனுப்புவார்களா என்பனவெல்லாம் இக்காலத்தில் அவருக்குத் தெளிவாயின. 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை தோன்றியது. அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் அவர் மிஷன் பாடசாலை ஆசிரியப் பதவியைத் துறந்தார். கூடுதலான ஊதியம் தருவதாகக் கூறிப் பேர்சிவல் தடுத்தும் அவர் இசையவில்லை என்பர்.

அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து. தமையன்மார் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தனர். அவர் விரும்பியிருந்தால் தாமும் அவ்வழியே சென்று குடும்பத்தோடு வசதியாக வாழ்ந்திருக்கலாம். இல்லறத்தில் புகுந்தால் பள்ளிக்கும் நூல்களுக்கும் முழுமையாகத் தம்மை ஒப்படைக்க இயலாது எனக் கண்டு, திருமணம் செய்துகொள்வதில்லை என்று உறுதி பூண்டார். இது எல்லோரும் பின்பற்றுதற்குரிய வழி எனச் சொல்ல வரவில்லை. நம் அடியார்களுள் இல்லறத்தில் இருந்து பெருந்தொண்டு செய்தோரே மிகுதி. தாம் மேற்கொண்ட பணியின் அளவையும் தம் ஆற்றலின் அளவையும் ஒப்பிட்டு, அவர் தமக்கென எடுத்த முடிவு அது.

வித்தியாசாலையில் பிள்ளைகளிடம் கட்டணம் பெறவில்லை. தொடக்கத்தில் ஆசிரியர்களாக இருந்தோர் அவருடைய மாணவர்களே. மிஷன் பள்ளியைப் போலவே வகுப்புகள் பிரிக்கப்பட்டன. எண், எழுத்து, இலக்கணம், பூகோளம் ஆகியவற்றுடன் சமய பாடமும் இடம்பெற்றது. அரசாங்கத்தின் நன்கொடை மிஷன் பள்ளிகளுக்குக் கிடைத்ததே அன்றி இதற்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை. ஊராரின் கொடையைக் கொண்டே பள்ளி நடைபெற்றது.

அச்சுப்பொறி தேடிச் சென்ற பயணம்

பள்ளி தொடங்கியதும் அடுத்த குறை வெளிப்பட்டது. பிள்ளைகள் கையில் கொடுக்கப் புத்தகம் இல்லை. ஏட்டுச் சுவடியைப் பார்த்து எழுதிக் கற்கும் முறை ஒரு திண்ணைக்குப் போதும். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் போதாது. ஆதலின் 1849-இல் நாவலர் தம் மாணவர் சதாசிவம்பிள்ளையை உடன் அழைத்துக்கொண்டு அச்சுப்பொறி வாங்கத் தமிழகம் சென்றார். வழியில் திருவாவடுதுறை ஆதீனத்தில் தங்கிச் சொற்பொழிவாற்றினார். அவர்தம் புலமையையும் நாவன்மையையும் கண்டு மகிழ்ந்த ஆதீனத்தார் அவருக்கு நாவலர் என்னும் பட்டம் வழங்கினர். ஆறுமுகம் என்னும் இயற்பெயர் அன்றிலிருந்து ஆறுமுக நாவலர் ஆயிற்று.

சென்னையில் தங்கிச் சூடாமணி நிகண்டு உரையையும் சௌந்தரியலகரி உரையையும் அச்சிட்டு வெளியிட்ட பின், அச்சுப்பொறியுடன் ஊர் திரும்பினார். அதற்கு வித்தியாநுபாலன யந்திரசாலை எனப் பெயரிட்டார். கல்வியைப் பேணிக் காக்கும் அச்சகம் என்பது அப்பெயரின் பொருள். பிற்காலத்தில் அதே பெயரில் சென்னைத் தங்கசாலைத் தெருவிலும் ஓர் அச்சகம் நடத்தினார்.

அவ்வச்சகத்திலிருந்து பாலபாடங்கள் வந்தன; சைவ வினாவிடை வந்தது; இலக்கணச் சுருக்கம் வந்தது. 1852-இல் பெரியபுராணம் வசனமாக வந்தது. இவ்வசன நூலின் அருமையை நாம் எளிதில் உணர மாட்டோம். அறுபத்து மூன்று நாயன்மார்களின் வரலாறு அதுவரை செய்யுளில், கற்றோர் மட்டும் அணுகும் நிலையில் இருந்தது. கண்ணப்பரும் காரைக்காலம்மையாரும் திருநாளைப்போவாரும் யார் என்பதை ஒரு குடும்பத் தலைவி தன் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும் உரைநடையில் அவர் எழுதினார். தமிழ் உரைநடையில் காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி முதலிய குறிகளை ஒழுங்காகப் பயன்படுத்தி வழக்கில் நிலைநிறுத்திய முன்னோடிகளுள் அவர் தலையாயவர். அக்குறிகளும் ஆங்கில நூல்களிலிருந்து கற்றுக்கொண்டவையே.

பழந்தமிழ் நூல்களைப் பிழையின்றிப் பதிப்பிப்பதிலும் அவர் காட்டிய கவனம் பெரிது. பரிமேலழகர் உரையுடன் திருக்குறள், திருக்கோவையார் உரை, நன்னூல் காண்டிகையுரை, கந்தபுராணம் எனப் பல நூல்கள் அவர் பதிப்பில் வந்தன. இராமநாதபுரத்துப் பொன்னுசாமித் தேவர் இப்பணிக்குப் பொருளுதவி செய்தார். தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையர் உரையை நாவலர் பரிசோதித்துக் கொடுக்க, சி. வை. தாமோதரம்பிள்ளை 1868-இல் வெளியிட்டார். பல ஏடுகளை ஒப்பு நோக்கி, ஐயம் தீர்ந்த பின்னரே அச்சேற்றுவது அவர் வழக்கம். அவர் பதிப்பு என்றால் பிழை இராது என்று புலவர்கள் நம்பினர்.

விவிலியத்தைக் கற்றதன் பயன் 1854-இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு சைவதூஷண பரிகாரம் என்னும் நூலை வெளியிட்டார். சைவ வழிபாட்டைப் பழித்த மிஷனாருக்கு விடையாக எழுந்த அந்நூலில், ஆலயம், விளக்கு, தூபம், நிவேதனம், நீராட்டு முதலியன பண்டை யூதர்களின் வழிபாட்டிலும் இருந்தன என்று விவிலியத்தைக் கொண்டே எடுத்துக்காட்டினார். அந்நூலை அவ்வளவு நுணுக்கமாகக் கற்றிராத ஒருவரால் இவ்வாறு எழுதியிருக்க இயலாது.

ஆலயம் நடத்துவோர்க்கு அவர் விடுத்த வினாக்கள்

ஆலய நிர்வாகத்தினரும் உறுப்பினரும் படிக்கும் மலர் இது. ஆதலின் இப்பகுதியைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நாவலர் பாதிரிமாரை மட்டும் கண்டித்தவர் அல்லர். அதனினும் கடுமையாகத் தம் சொந்தச் சமயத்தாரைக் கண்டித்தார். கோயிலில் ஆடு கோழி பலியிடுவதை எதிர்த்தார். திருவிழாவில் பொதுமகளிர் ஆட்டத்துக்கும் வாணவேடிக்கைக்கும் பணத்தை வாரி இறைப்பதை எதிர்த்தார். தீட்சையும் கல்வியும் இல்லாத அர்ச்சகர் பூசை செய்வதை எதிர்த்தார். கோயில் வரவு செலவுக் கணக்கு ஒழுங்காக இருத்தல் வேண்டும் என வற்புறுத்தினார். தாம் பிறந்த ஊரின் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலே ஆகம விதிப்படி அமையவில்லை எனக் கூறி, அது குறித்து 1875-இல் துண்டறிக்கை வெளியிட்டார். தம் ஊரார் மனம் கோணுமே என்று அவர் தயங்கியதாகத் தெரியவில்லை. பகையும் சம்பாதித்தார்.

போர்த்துக்கீசியரால் அழிக்கப்பட்டுக் காடு மண்டிக் கிடந்த பாடல் பெற்ற தலமான மன்னார்த் திருக்கேதீச்சரத்தை மீண்டும் எடுப்பிக்க வேண்டும் என 1872-இல் சைவ மக்களுக்கு விண்ணப்பம் வெளியிட்டவரும் அவரே. அவர் வாழ்நாளில் அது கைகூடவில்லை. பின்னாளில் அவ்விடம் சைவர் கைக்கு வந்து, ஆலயம் எழுந்து, வழிபாடு நடைபெறுகிறது.

1864-இல் தில்லைச் சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். யாழ்ப்பாணத்தில் திரட்டிய பொருளைத் தமிழகத்தில் கொண்டுபோய்ச் செலவிடுவதா என்று முணுமுணுத்தோர் உண்டு. சைவத்தின் மூலத்தலத்தில் ஒரு கல்விச்சாலை இல்லாதிருத்தல் தகாது என்பது அவர் துணிபு.

கைகூடாதவையும் கசந்தவையும்

பெரியோரின் வாழ்வை எழுதும்பொழுது வெற்றிகளை மட்டும் அடுக்கிச் செல்வது மலர்க் கட்டுரைகளின் வழக்கம். நாவலர் அவ்வகைப் புகழுரையை விரும்புபவராக இருந்திருக்க மாட்டார்.

ஆங்கிலமும் சைவமும் ஒருங்கே கற்பிக்கும் பள்ளி வேண்டும் என்று கருதி 1872-இல் வண்ணார்பண்ணையில் சைவாங்கில வித்தியாசாலையைத் தொடங்கினார். பிள்ளைகள் உத்தியோகத்துக்காக ஆங்கிலம் கற்கச் செல்வதைத் தடுக்க இயலாது, தடுப்பதும் அறிவுடைமையன்று, அவர்களுக்கு நம்மிடத்திலேயே அக்கல்வியைக் கொடுப்பதே வழி என்று கண்டார். கருத்து முற்றிலும் சரியானது. ஆயினும் பொருள் முடையாலும் அரசாங்க உதவி கிட்டாமையாலும் நான்கே ஆண்டுகளில் அப்பள்ளியை மூட நேர்ந்தது.

வடலூர் இராமலிங்க அடிகளாரின் பாடல்கள் 1867-இல் திருவருட்பா என்னும் பெயரில் அச்சானபொழுது, தேவார திருவாசகங்களுக்கே உரிய அப்பெயரைப் பிறர் பாடலுக்குச் சூட்டலாகாது என நாவலர் எதிர்த்தார். வாதம் வளர்ந்து வசையாயிற்று. 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. இருவரும் சென்ற பின்னரும் அவ்விரு தரப்பாரின் மாணவர்கள் பல பத்தாண்டுகள் அருட்பா, மருட்பா என்று நூலெழுதிப் பூசலிட்டனர். அடிகளாரின் அன்பர்களும் நாவலரின் அன்பர்களும் இன்று நம் நாட்டில் ஒரே ஆலயத்தில் ஒன்றாக நின்று வழிபடுகின்றனர். அப்பூசலில் செலவான அறிவும் காலமும் வேறு நற்பணிக்குச் சென்றிருக்கலாம் என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம்.

சாதி வேற்றுமையையும் அவர் நெகிழ்த்தவில்லை. பழைய நெறிநூல்கள் சொன்னவாறே அதனைப் பேணினார். திருநாளைப்போவார் வரலாற்றை அத்தனை அழகாக உரைநடையில் எழுதியவர் அதன் பொருளைத் தம் காலத்துச் சமூகத்துக்கும் விரித்துப் பார்த்திருக்கலாம். தோட்டப்புறங்களில் எல்லோரும் ஒரே லயத்தில் வாழ்ந்து, ஒரே கோயிலில் கூழ் வார்த்து வளர்ந்த நாம் அக்கருத்தில் அவரைப் பின்பற்ற இயலாது, பின்பற்றவும் வேண்டுவதில்லை. அவர் பிறரிடம் கற்றபொழுது எதனை ஏற்பது, எதனை விடுப்பது என்று பகுத்தறிந்தார். அவரிடம் கற்கும் நாமும் அவ்வாறே பகுத்தறிவது அவருக்கு இழுக்காகாது.

பஞ்சமும் இறுதி ஆண்டுகளும்

1876-ஐ அடுத்த ஆண்டுகளில் தென்னகமெங்கும் கொடிய பஞ்சம் தலைவிரித்தாடியது. யாழ்ப்பாணத்தில் உணவுப் பஞ்சத்துடன் வாந்திபேதியும் சேர்ந்துகொண்டது. நூலும் சொற்பொழிவுமாக வாழ்ந்தவர் அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு வண்ணார்பண்ணையில் கஞ்சித்தொட்டி அமைத்தார். செல்வர்களிடமும் வணிகர்களிடமும் பொருள் திரட்டி, ஏழைகளுக்குப் பல மாதங்கள் கஞ்சி வார்த்தார். யாழ்ப்பாணத்து அரசாங்க ஏசண்டராகிய துவைனம் துரை மக்கள் துயரை முறையாகக் கவனிக்கவில்லை எனக் கண்டு, அதனை மேலிடத்துக்கு முறையிடவும் தயங்கவில்லை.

1879-இல் இலங்கைச் சட்டநிரூபண சபையில் தமிழருக்குரிய இடம் காலியாயிற்று. யாரை ஆதரிப்பது என்று யாழ்ப்பாணம் இரண்டுபட்டது. நாவலர் தம் வித்தியாசாலையில் கூட்டம் கூட்டி, இருபத்தெட்டு வயதே ஆன பொன்னம்பலம் இராமநாதனை ஆதரித்தார். இளையவர், அனுபவம் போதாதவர் என்று பலர் தயங்கிய ஒருவரை முதியவராகிய நாவலர் தேர்ந்தெடுத்தார். அவ்விளைஞரே பின்னாளில் சேர் பொன்னம்பலம் இராமநாதனாகிப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனியே சைவக் கல்லூரிகளை நிறுவினார். நாவலர் அவற்றைக் காண இருக்கவில்லை. அதே 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள், ஐம்பத்தேழு வயது நிறைவதற்குச் சில நாட்கள் இருக்கையில், அவர் சிவபதம் அடைந்தார். மக்களென்று எவரும் இல்லை. மாணவர்களும், அவர் தமையனார் மகனாகிய த. கைலாசபிள்ளையும், சதாசிவம்பிள்ளையும் அச்சகத்தையும் பள்ளிகளையும் கண்போல் காத்தனர். கைலாசபிள்ளை எழுதிய நாவலர் சரித்திரமே இன்றும் நமக்குப் பெருந்துணையாக உள்ளது.

அவர் மறைந்த ஒன்பதாம் ஆண்டில், 1888-இல், யாழ்ப்பாணத்தில் சைவபரிபாலன சபை அமைந்தது. மறு ஆண்டு இந்துசாதனம் என்னும் இதழ் வெளிவந்தது. 1890-இல் சபையின் ஆதரவில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி உருவாயிற்று. மூடப்பட்ட சைவாங்கில வித்தியாசாலையின் கருத்து, பதினான்கு ஆண்டுகள் கழித்து, பிறர் கையால் நிறைவேறியது.

யாழ்ப்பாணத்துப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்ற இளைஞர் பலர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கப்பலேறி மலாயா வந்தனர். இருப்புப்பாதை, நில அளவை, கருவூலம், மருத்துவமனை ஆகிய அலுவலகங்களில் எழுத்தராகவும் பிறவாறும் பணியாற்றினர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் அவர்கள் எழுப்பிய கந்தசுவாமி கோயில் இன்றும் ஆகம முறை வழுவாது பூசை நடைபெறும் ஆலயமாக விளங்குகிறது. அவர்களோடு கப்பலில் நாவலரின் பாலபாடமும் சைவ வினாவிடையும் வந்தன. தோட்டத்திலிருந்தும் பட்டணத்திலிருந்தும் வரும் நம் பிள்ளைகள் மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் திருமுறை ஓதும் விழாவில் கலந்துகொள்கின்றனர். தாங்கள் ஓதும் பதிகத்தைப் பாடியவர் யார், அவர் எவ்வூரினர், அவருக்கு என்ன நேர்ந்தது என்று அவர்கள் ஆசிரியர் சொல்லக் கேட்டிருப்பார்கள். அக்கதையைப் பெரும்பாலும் அந்த ஆசிரியருக்கு முதன்முதலில் உரைநடையில் தந்த வழியில் வருபவை 1852-இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய அந்த ஏடுகளே.